முதல் நூறு மீட்டர்: கையில் ஆறு வாரம் இருக்கும்போது

கேள்வி சுருக்கமாக இது: வயது இருபத்தாறு. பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஓடியதில்லை. ஒரு உற்சாகத்தில் 100 மீட்டர் போட்டிக்குப் பேர் கொடுத்தாயிற்று, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தினமும் காலையில் 3 கிலோமீட்டர் மெதுவாக ஓடுகிறேன், அது போதுமா? ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்க வேண்டுமா? ஸ்டார்டிங் பிளாக்கை (புறப்படும்போது கால் பதித்து உதைக்கும் கட்டை) கையால் தொட்டதுகூட இல்லை, அதை என்ன செய்வது?

முதலில் அந்த 3 கிலோமீட்டர். உடம்புக்கு நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் 100 மீட்டருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. மெதுவாக ஓடிப் பழகினால் மெதுவாக ஓடத்தான் கால் கற்றுக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் போய்வாருங்கள், உடம்பு இளகும். மற்ற நாட்களில் வேறு வேலை இருக்கிறது.

நூறு மீட்டரில் மூச்சுக்கு அதிக வேலை இல்லை. தசைக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஏ.டி.பி.யும், அது தீரத் தீர நிரப்பும் கிரியேட்டின் பாஸ்பேட்டும்தான் தொடக்க எரிபொருள். முழு வேகத்தில் ஓடினால் இது சில வினாடிகளுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். பத்து வினாடி ஆவதற்குள் பெரும்பகுதி காலி. திரும்ப நிரம்ப நிமிடக்கணக்கில் ஆகும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். ஒரு ஓட்டம், முப்பது வினாடி நிற்பது, அடுத்த ஓட்டம், இப்படி பத்துத் தடவை ஓடி வியர்வை சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனால் நன்றாகப் பயிற்சி செய்த மாதிரி இருக்கும். உண்மையில் நாலாவது ஓட்டத்துக்குப் பிறகு அவர்கள் பழகியது களைப்போடு ஓடுவதை. வேகப் பயிற்சி பழகியவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம், 60 மீட்டர் ஓடினால் ஆறு நிமிடம். சும்மா நிற்க அலுப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் "என்ன, நின்றுகொண்டே இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்தது, இந்த ஓட்டம் உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்துவிட்டால் பயிற்சியில் பாதிக் குழப்பம் போய்விடும். 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசேன் போல்ட் 9.58 வினாடியில் ஓடினாரே, அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராகப் பிரித்து அளந்திருக்கிறார்கள். முதல் இருபதுக்கு 2.89 வினாடி. அடுத்தடுத்த இருபதுகளுக்கு 1.75, 1.67, 1.61. கடைசி இருபதுக்கு 1.66. அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். உலகத்திலேயே வேகமாக ஓடிய மனிதர், தன் வாழ்க்கையிலேயே சிறந்த ஓட்டத்தில், 80 மீட்டரைத் தாண்டியதும் வேகம் குறைந்திருக்கிறார். 60-லிருந்து 80 வரை மணிக்குக் கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவருக்கே அந்தக் கதி.

நமக்கு அந்த உச்சம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். பயிற்சி இல்லாதவர் பெரும்பாலும் 30, 40 மீட்டரிலேயே தன் முழு வேகத்தைத் தொட்டுவிடுவார். பத்து, இருபது மீட்டர் அதைப் பிடித்து வைத்திருப்பார். மிச்சம் 40 மீட்டரும் இறக்கம்தான். பார்க்கிறவர்களுக்குப் பக்கத்து லேன்காரர் கடைசியில் வேகமெடுத்துத் தாண்டிப் போன மாதிரி தோன்றும். அவர் வேகம் எடுக்கவில்லை, அவருக்கும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. நம்முடையது அவரைவிட அதிகமாகக் குறைகிறது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உங்கள் உச்ச வேகம் வினாடிக்கு 8 மீட்டர் என்று வையுங்கள். கடைசி 40 மீட்டரைச் சராசரியாக 7.6-ல் ஓடினால் 5.26 வினாடி ஆகும். உடம்பை இறுக்கிக்கொண்டு 7.2-ல் ஓடினால் 5.56. வித்தியாசம் 0.3 வினாடி, அதாவது கோட்டில் சுமார் இரண்டு மீட்டர். ஒரு ஹீட்டில், அதாவது ஒரு தகுதிச் சுற்று ஓட்டத்தில், இரண்டு மீட்டருக்குள் மூன்று பேர் வந்துவிடுவார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு மின்னல் மாதிரி புறப்படப் பயிற்சி செய்து நீங்கள் சம்பாதிக்கப்போவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஆகவே என் யோசனை இதுதான். ஆறு வாரத்தில் உங்களை வேறொரு ஓட்டக்காரராக மாற்ற யாராலும் முடியாது. இருக்கிற வேகத்தை அடிபடாமல், சிந்தாமல் கோடு வரைக்கும் கொண்டுபோகப் பழகலாம். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

அடிபடாமல் என்று சொன்னேன். அது தொடையின் பின்பக்கத் தசையைப் பற்றி. ஹாம்ஸ்ட்ரிங் என்று எல்லோரும் சொல்வது. முழு வேகத்தில் ஓடும்போது, காலை முன்னால் வீசித் தரையில் வைப்பதற்குச் சற்று முந்தைய கணத்தில், அந்தத் தசை நீண்ட நிலையில் இருந்துகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஜாகிங்கில் இந்த வேலை அதற்குக் கிடையாது. பல வருடம் சும்மா இருந்த தசையிடம் முதல் நாளே இதைக் கேட்டால் பட்டென்று இழுத்துக்கொள்ளும். ரொம்ப நாள் கழித்து ஓட வந்தவர்கள் யாராவது நடு ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அன்று காலை வரைக்கும் அந்தத் தசைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் முழு வேகம் கூடவே கூடாது. 60 மீட்டர் தூரத்தை மெதுவாக ஆரம்பித்து, நடுவில் முக்கால் வேகம் வரைக்கும் ஏற்றி, அப்படியே தளர்த்தி நிறுத்துங்கள். ஆறு முறை போதும். இன்னொரு நாள், லேசான சரிவான மேடு ஏதாவது கிடைத்தால் அதில் 20, 30 மீட்டர் ஏறி ஓடுங்கள். மேட்டில் காலை நீட்டிப் போட முடியாது, வேகமும் ஓரளவுக்கு மேல் ஏறாது, ஆனால் தள்ளும் பலம் கூடும். புதியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வேகப் பயிற்சி எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது நடந்து வாருங்கள்.

இதோடு நோர்டிக் என்று ஒரு பயிற்சி. மெத்தென்ற எதன்மீதாவது முட்டி போட்டு நிமிர்ந்திருங்கள். ஒருவர் பின்னாலிருந்து இரண்டு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், முட்டியிலிருந்து தலைவரை ஒரே பலகை மாதிரி, முன்பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். தொடையின் பின்பக்கம் நடுங்க ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் அதற்கு மேல் பிடிக்க முடியாது. அப்போது கையை ஊன்றி விழுந்துகொள்ளுங்கள், திரும்ப எழுவதற்குக் கையாலேயே தள்ளிக்கொள்ளலாம். முதல் வாரம் மூன்று, நான்கு தடவை போதும், வாரத்துக்கு இரண்டு நாள். அடுத்த இரண்டு நாள் உட்கார எழ முனகுவீர்கள். அதனால் ஓட்டப் பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள், வேகமாக ஓட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் வேண்டாம். போட்டி வாரத்தில் முழுக்க விட்டுவிடுங்கள். ஹாம்ஸ்ட்ரிங் காயத்தைக் குறைப்பதற்கு நன்றாக ஆராயப்பட்ட பயிற்சி இது. செய்து பார்க்கும்போது ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

மூன்றாவது, நாலாவது வாரத்தில் வேகத்துக்கு வரலாம். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. ஒரு நாள் நின்ற நிலையிலிருந்து 30 மீட்டர், ஐந்து தடவை. இன்னொரு நாள், 20, 25 மீட்டர் நிதானமாக வேகம் ஏற்றி வந்து, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் கடப்பது, நான்கு தடவை. இந்த இரண்டாவதுதான் பலரும் செய்யாமல் விடுவது. புறப்பாட்டுச் சிரமம் இல்லாமல் உச்ச வேகத்தை மட்டும் தனியாகத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அது. ஐந்தாவது வாரத்தில் 80 மீட்டர் இரண்டு, முடிந்தால் ஒரு முழு 100, போட்டியில் ஓடுவது போலவே. ஆறாவது வாரத்தில் பாதிக்குப் பாதி குறைத்துவிடுங்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்னால் இரண்டு, மூன்று குட்டிப் புறப்பாடுகள், அப்புறம் ஓய்வு. கடைசி வாரத்தில் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பலன் போட்டி நாளுக்குள் வந்து சேராது. களைப்பு மட்டும் சரியாக வந்து சேரும்.

ஒரு எச்சரிக்கை. ஓடும்போது தொடையின் பின்னால் சுருக்கென்று ஏதாவது குத்தினால் அந்தக் கணமே நிறுத்துங்கள். "இன்னும் ஒன்று ஓடினால் சரியாகிவிடும்" என்பது தசைவலிக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. நெஞ்சுவலி, மயக்கம், இதயக் கோளாறு என்று எதுவாவது முன்னால் இருந்திருந்தால் இந்த ஆறு வாரத்தைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, ஸ்டார்டிங் பிளாக்.

என் முதல் போட்டியில் பிளாக்கைத் தரையில் சரியாகப் பதிக்காமல் விட்டுவிட்டேன். மற்றவர்கள் குதிகாலால் ஓங்கி மிதித்து அதன் ஆணிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம், சத்தம் போட வேண்டாம் என்று கையால் அமுக்கி வைத்தேன். துப்பாக்கி வெடித்ததும் நான் பின்னால் உதைத்தேன், பிளாக் பின்னால் போயிற்று, நான் இருந்த இடத்திலேயே முட்டி போட்டேன். தலையைத் தூக்கியபோது ஏழு முதுகுகள் தெரிந்தன. அன்றிலிருந்து பிளாக்கை மிதிக்க எனக்கு வெட்கமே கிடையாது. நீங்களும் வெட்கப்படாதீர்கள். மிதித்துவிட்டு, ஒரு தடவை உட்கார்ந்து முழுப் பலத்தோடு உதைத்துப் பத்து மீட்டர் ஓடிப் பாருங்கள். அதற்கு நேரம் கொடுப்பார்கள்.

எந்தக் கால் முன்னால்? நேராக நில்லுங்கள், பின்னாலிருந்து ஒருவர் சொல்லாமல் முதுகில் லேசாகத் தள்ளட்டும். விழாமல் இருக்க எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறீர்களோ, அந்தக் காலை பிளாக்கின் பின் பெடலில் (பாதம் பதிக்கும் சாய்வுப் பலகை) வையுங்கள், மற்றது முன் பெடலில். இது சட்டமில்லை. இரண்டு விதமாகவும் ஐந்து தடவை புறப்பட்டுப் பார்த்து எது இயல்பாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு அளவுகோல் வேண்டாம், உங்கள் பாதமே போதும். கோட்டிலிருந்து இரண்டு பாத நீளம் தள்ளி முன் பெடல், மூன்று பாத நீளம் தள்ளிப் பின் பெடல். அங்கிருந்து தொடங்கி உங்கள் உடம்புக்குத் தக்கபடி ஒரு விரல், இரண்டு விரல் நகர்த்திக்கொள்ளலாம். பயிற்சியில் எது ஒத்துவந்ததோ அதை எழுதி வையுங்கள். போட்டி நாளில் பதற்றத்தில் மறந்துபோகும்.

"ஆன் யுவர் மார்க்ஸ்" என்றதும் அமருங்கள். கைகள் கோட்டுக்குப் பின்னால், தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பாலம் மாதிரி. விரல் கோட்டின் மீது படக் கூடாது. "செட்" என்றதும் இடுப்பை உயர்த்துங்கள், தோளைவிடக் கொஞ்சம் மேலே. முன்கால் முட்டி ஏறக்குறைய செங்கோணம், பின்கால் முட்டி அதைவிட நன்றாக விரிந்து. பார்வை கீழே, கோட்டுக்குச் சற்று முன்னால். முடிவுக் கோட்டைப் பார்க்கக் கழுத்தைத் தூக்குகிறவர்கள் உண்டு. அது எங்கேயும் ஓடிப்போகாது. முக்கியமாக, இரண்டு பாதமும் சத்தம் வருவதற்கு முன்னாலேயே பெடலை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பலரும் கையில் மொத்த எடையையும் போட்டுவிட்டு, காலைச் சும்மா ஒட்டி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் வெடித்த பிறகு முதலில் காலை அழுத்த வேண்டும், பிறகுதான் உதைக்க முடியும்.

புறப்பட்டதும் எழுந்து நிற்கத்தான் உடம்பு துடிக்கும். எழுந்துவிட்டு ஓடாதீர்கள், ஓடிக்கொண்டே எழுங்கள். முதல் அடியிலிருந்து ஏழெட்டு அடி வரைக்கும் தரையைப் பின்பக்கமாகத் தள்ளுவது மட்டும்தான் வேலை, பாரவண்டி தள்ளுகிறவர் சாய்ந்திருப்பாரே, அந்தச் சாய்வில். தலை தானாக மெதுவாக உயரும். 20, 25 மீட்டரில் நிமிர்ந்திருந்தால் நல்லது.

இத்தனையும் ஆறு வாரத்தில் கைவரவில்லை என்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் தாமஸ் பர்க் கையைத் தரையில் ஊன்றிப் புறப்பட்டது அங்கிருந்தவர்களுக்கு வினோதமாக இருந்தது. 12.0 வினாடியில் அவர்தான் வென்றார். இன்றைய சர்வதேச விதிப்படி 400 மீட்டர் வரைக்கும் குனிந்த புறப்பாடும் பிளாக்கும் கட்டாயம். ஆனால் சின்னப் போட்டிகள் பலவற்றில் நின்றபடி புறப்பட விடுவார்கள். நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரைகுறையாகப் பழகிய பிளாக்கைவிட ஒழுங்கான நின்ற புறப்பாடு முதல் போட்டிக்கு மேல் என்பது என் கட்சி. பயிற்சிக்கு பிளாக்கே கிடைக்காதவர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம்: முன்கால் கோட்டருகே, எடை பெரும்பாலும் அதன் மீது, எதிர்க்கை முன்னால், உடம்பு விழப்போகிற மாதிரி சாய்ந்து.

ஃபால்ஸ் ஸ்டார்ட் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். சத்தம் கேட்டு 0.1 வினாடிக்குள் அசைந்தால் அது சத்தத்தைக் கேட்டு அசைந்தது அல்ல, முன்பே கிளம்பியது என்று கணக்கு. 2010-லிருந்து முதல் தவறுக்கே வெளியேற்றம். 2011-இல் தேகுவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் போல்ட்டே அப்படி வெளியேறினார். அதே போல்ட் 9.58 ஓடியபோது சத்தத்துக்கும் அவர் அசைவுக்கும் இடையில் 0.146 வினாடி. சத்தத்தை முந்தப் பார்க்காமல், கேட்டுவிட்டுப் போனாலே உலக சாதனை ஓடலாம் என்று ஆகிறதல்லவா? ஊகிக்க முயலாதீர்கள். பயிற்சியில் நண்பர் ஒருவர் "செட்" சொல்லிவிட்டு ஒரு தடவை சட்டென்று, ஒரு தடவை மூன்று வினாடி கழித்து, இன்னொரு தடவை தட்டவே தட்டாமல், இப்படி மாற்றி மாற்றிக் கை தட்டட்டும். அசையாமல் காத்திருக்கும் பழக்கம் அதில்தான் வரும். சின்னப் போட்டிகளில் கருவி இருக்காது, ஸ்டார்டரின் கண்தான். தோளில் ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தாலும் அவர் பிடித்துவிடுவார்.

இனி அந்தக் கடைசி 40 மீட்டர். பக்கத்தில் ஒருவர் வருவது கண்ணில் பட்டதும் நாம் என்ன செய்வோம்? பல்லைக் கடிப்போம், முஷ்டியை இறுக்குவோம், தோள் காது வரைக்கும் ஏறும், காலை இன்னும் நீட்டிப் போடுவோம். நான்குமே வேகத்தைக் கொல்லும். நீட்டிப் போட்ட கால் உடம்புக்கு முன்னால் போய்த் தரையில் முட்டும், ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரி. பாதம் கிட்டத்தட்ட இடுப்புக்குக் கீழேயே, முன்பாதத்தில் விழ வேண்டும். அடி சின்னதாகிவிட்டதே என்று தோன்றினாலும் பரவாயில்லை.

இதைப் பழக நான் ஒரு காய்ந்த இலையை வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வொரு கையிலும் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். 60 மீட்டர் ஓடி முடித்துக் கையைத் திறந்து பாருங்கள். முதல் நாள் இரண்டும் தூளாக இருக்கும். என்னிடம் பழகிய ஒரு பெண்ணுக்கு இடது கை இலை எப்போதும் முழுசாக இருக்கும், வலது கை மட்டும் பொடிப்பொடி. ஓடும்போது பார்த்தால் வலது தோள் ஒரு விரல்கடை உயர்ந்திருந்தது. தோளைச் சொல்லித் திருத்த முடியவில்லை, இலையைக் காட்டியதும் இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. தாடைக்கும் இதுதான் சோதனை. நன்றாகத் தளர்ந்து ஓடுகிறவரின் கன்னம் அடிக்கு அடி ஆடும். போட்டோவில் அழகாக இருக்காது. கைவீச்சு இடுப்பிலிருந்து முகம் வரைக்கும், முன்னும் பின்னுமாக, மார்புக்குக் குறுக்கே போகாமல்.

பக்கத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள். லேனின் அகலம் 1.22 மீட்டர்தான், தலை திரும்பினால் உடம்பும் அந்தப் பக்கம் போகும்.

கோட்டைக் கடக்கும்போது கணக்கில் எடுப்பது உடற்பகுதியை. கையும் காலும் தலையும் கழுத்தும் கணக்கில் இல்லை. அதனால்தான் கடைசி அடியில் நெஞ்சை முன்னால் தள்ளுகிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் 55.41-க்குப் போயிற்று. நூறில் ஒரு வினாடி என்றால் நெஞ்சு எங்கே இருந்தது என்பதுதான் பேச்சு. ஆனால் முதல் போட்டிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டுவிட்டு 90 மீட்டரிலேயே குனிய ஆரம்பித்து, தடுமாறி, இருந்ததையும் இழப்பார்கள். நீங்கள் 110 மீட்டர் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடு வருகிற கடைசி அடியில் தானாகக் குனிய வந்தால் குனியுங்கள், வராவிட்டால் நேரே ஓடிக் கடந்துவிடுங்கள். கடந்ததும் சட்டென்று நிற்க வேண்டாம். இருபது, முப்பது மீட்டர் ஓடித் தளர்த்துங்கள், தொடை இழுப்பது அங்கேயும் நடக்கும்.

ஸ்பைக்ஸ்: வாங்கலாம், ஆனால் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் கையில் இருந்தால் மட்டும். அதன் அடி விறைப்பாக இருக்கும், குதிகாலில் மெத்தை இருக்காது. கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதற்குப் பழக வேண்டும். முதல் நாள் இரண்டு, மூன்று 30 மீட்டர் மட்டும் அதில் ஓடிவிட்டுக் கழற்றிவிடுங்கள். செயற்கைத் தளத்தில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 6 மில்லிமீட்டர் போதும், சில மைதானங்கள் அதற்கு மேல் அனுமதிப்பதும் இல்லை. ஆணி தளர்ந்தால் முறுக்க அதன் சாவியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போட்டி நாளில்தான் முதன்முதலாகப் போடப்போகிறீர்கள் என்றால் வேண்டாம், லேசான, காலோடு ஒட்டிய ஓட்டக் காலணியே போதும். புது ஷூவும் புது சாக்ஸும் அன்றைக்கு ஆகாது.

போட்டி நாளில் சாப்பாடு மூன்று மணி நேரம் முன்னால், வயிற்றுக்குப் பழகியதாக, அளவாக. வாம்-அப்பை ஓட்ட நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கினால் நிதானமாக முடியும்: பத்து நிமிடம் மெதுவோட்டம், கால் வீச்சு, முட்டி உயர்த்தி நடை, துள்ளல், பிறகு 50 மீட்டரை முக்கால் வேகத்தில் மூன்று, கடைசியாக இரண்டு முழுப் புறப்பாடு. காலை நீட்டி ஒரு நிமிடம் அசையாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஓட்டத்துக்கு முன்னால் செய்யாதீர்கள், தசையின் வெடிப்பு குறையும். சாயங்காலம் வீட்டில் செய்துகொள்ளலாம். அறிவிப்புக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் காக்க வைப்பார்கள், அரை மணி நேரம்கூட ஆகும். அப்போது உட்கார்ந்துவிட்டால் சூடெல்லாம் போச்சு. மேலே கனமான உடை ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள். ஹீட்ஸில் தேறி இறுதிக்குப் போனாலும் இதே கதைதான், வாம்-அப் மட்டும் பாதி.

200 மீட்டருக்கும் பேர் கொடுத்திருந்தால், முதல் தடவைக்கு ஒன்றை விட்டுவிடுங்கள்.

எத்தனை வினாடியில் ஓடினால் நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஓடி முடித்ததும் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். அதனால் ஒன்று: ஸ்டாப்வாட்சை ஒருவர் கையால் அழுத்தி எடுத்த நேரம் எப்போதும் கொஞ்சம் தாராளமாக இருக்கும், ஏனென்றால் அவரும் துப்பாக்கிப் புகையைப் பார்த்த பிறகுதான் அழுத்துகிறார். 100 மீட்டரில் அதை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டுவது வழக்கம். கையால் எடுத்த 13.2 என்பது ஏறக்குறைய 13.44. பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது, ஆனால் உங்கள் நோட்டில் தாராளமாகச் சேரும். தேதி, காற்று எந்தப் பக்கம் அடித்தது, கையால் எடுத்ததா கருவியால் எடுத்ததா, பிளாக்கில் பெடல் எத்தனை பாதம் தள்ளி இருந்தது, இவ்வளவையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த போட்டிக்குப் பேர் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.